சொல்லின் முதற்பதிவும் செய்தித்தாள் சான்றும்: ஆங்கில அகராதியியல் வழி ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல் முதன்முதலில் எப்போது எழுத்தில் பதிவாயிற்று என்பதை அறியச் செய்தித்தாள்கள் முதன்மையான சான்றாக விளங்குகின்றன. பாய்காட், ஓ.கே., ஜாஸ், பிரிபோன், மல்லிகட்டானி ஆகிய சொற்களின் வரலாற்றைக் கொண்டு அச்சான்றின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தற்காலத் தமிழ்ச் சொற்களுக்கு ஆண்டுவாரியான வரலாறு அமையவேண்டுமாயின், தமிழ்ச் செய்தித்தாளை இலக்கியத்திற்கும் கல்வெட்டிற்கும் இணையான அகராதியியல் சான்றாக ஏற்க வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: முதற்பதிவு, வரலாற்று அகராதியியல், செய்தித்தாள் சான்று, புதுச்சொல், கடன்சொல், எண்மமாக்கம்

முன்னுரை

ஒரு சொல் என்று பிறந்தது என்னும் வினாவுக்கு எந்த மொழியிலும் முழு விடை கிடைப்பதில்லை. பேச்சில் தோன்றிப் பேச்சிலேயே மறையும் சொல் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டுவதில்லை. எழுத்தில் ஏறிய பின்னரே அது ஆய்வுப்பொருளாகிறது. ஆகவே சொல்வரலாற்றறிஞர் உறுதியாகக் கூறத்தக்கது, கிடைத்துள்ள சான்றுகளுள் எது முந்தையது என்பதை மட்டுமே. அதனைச் சங்கப் பாடலிலும் கல்வெட்டிலும் உரையாசிரியர் வாக்கிலும் தேடுவதில் தமிழாய்வு நெடுங்காலப் பயிற்சி உடையது. ஆனால் கடந்த 200 ஆண்டுகளில் தமிழில் புகுந்த சொற்களுக்கும் தமிழில் ஆக்கப்பட்ட சொற்களுக்கும் முதற்பதிவை எங்கே தேடுவது என்பதில் நம்மிடையே தெளிவான கொள்கை உருவாகவில்லை.

ஆங்கில அகராதியியல் இவ்வினாவை 19ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டது. அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று செய்தித்தாள். காலையில் படிக்கப்பட்டு மாலையில் பொட்டலம் மடிக்கப் பயன்படும் தாள், ஒரு மொழியின் சொல்வரலாற்றுக்கு ஆவணமாக முடியுமா என்ற ஐயம் அங்கும் எழுந்தது. அந்த ஐயம் எவ்வாறு தீர்ந்தது, அதனால் விளைந்த பயன் யாது, அதில் மறைந்துள்ள பிழைகள் எவை என்பவற்றை அறிவது தமிழ் அகராதியியலுக்கு இன்று மிகவும் தேவையாகிறது.

அகராதிக்குள் செய்தித்தாள் நுழைந்த வரலாறு

1857இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் ரிச்சர்டு செனவிக்சு டிரெஞ்சு ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றி உரை நிகழ்த்தினார். அகராதி செய்பவர் சொற்களுக்கு வரலாற்றாசிரியர். அவற்றை ஏற்கவும் தள்ளவும் அமர்ந்த நடுவர் அல்லர் என்பது அவ்வுரையின் அடிப்படை. இக்கருத்திலிருந்தே பின்னாளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி எனப் பெயர்பெற்ற பெருந்திட்டம் கிளைத்தது. 1879இல் ஜேம்ஸ் மர்ரி அதன் பதிப்பாசிரியரானார். தன்னார்வ வாசகர்கள் நூல்களைப் படித்து, சொல்லையும் அது வந்த தொடரையும் ஆண்டையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினர். அச்சீட்டுகளே அகராதியின் அடித்தளம்.

அச்சீட்டுகளில் செய்தித்தாள் மேற்கோள்களும் இருந்தன. ஆக்ஸ்போர்டு அச்சகத்தை நெறிப்படுத்திய குழுவுக்கு இது உவப்பாக இல்லை. அப்போது துணைவேந்தராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டின் தலைமையில் 1883இல் தரப்பட்ட நெறிமுறைகள், மேற்கோள்களைப் பெரும் படைப்பாளர்களிடமிருந்து எடுப்பதையும் செய்தித்தாள்களைத் தவிர்ப்பதையும் விரும்பின. மர்ரி இதற்கு இணங்கவில்லை. மொழியின் நடப்பை அறிய விரும்புவோருக்குச் செய்தித்தாள் மேற்கோளே மிகவும் பயன் தருவது என்பது அவர் நிலைப்பாடு. 1884இல் முதற்பகுதி வெளிவந்தது. 1928இல் அகராதி நிறைவுற்றது. செய்தித்தாள் அதில் தன் இடத்தை இழக்கவில்லை. இன்று அவ்வகராதியில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் மூலம் ஷேக்ஸ்பியர் அல்லர். இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழே ஆகும். 1883இல் நடந்த விவாதத்திற்கு இதைவிடத் தெளிவான முடிவு வேண்டியதில்லை.

செய்தித்தாளின் இம்மதிப்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஒவ்வொரு பக்கமும் நாளையும் ஊரையும் தாங்கியே வருகிறது. நூலொன்றின் காலம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எழுதப்பட்ட ஆண்டும் அச்சான ஆண்டும் வேறுபடும். நாளிதழுக்கு அச்சிக்கல் அரிது. இரண்டாவது, நீதிமன்றம், சந்தை, விளையாட்டு, விளம்பரம், வாசகர் கடிதம் எனப் பல துறைகளின் மொழி ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கிறது. மூன்றாவது, விரைந்து எழுதப்படுவதால் அதில் திருத்தம் குறைவு. இலக்கியப் படைப்பாளர் ஒரு சொல்லை ஏற்கலாமா எனத் தயங்கிக்கொண்டிருக்கும்போதே செய்தியாளர் அதனை எழுதிவிடுகிறார்.

பாய்காட்: பத்து வாரங்களில் ஒரு சொல்

செய்தித்தாள் சான்றின் ஆற்றலை விளக்கப் ‘பாய்காட்’ என்னும் சொல்லைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. அயர்லாந்தின் மேயோ கோட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேலாண்மை செய்தவர் சார்லஸ் கன்னிங்காம் பாய்காட். குத்தகையாளர் வெளியேற்றத்தை எதிர்த்த நிலச் சங்கத்தினர் 1880 செப்டம்பரில் அவரோடு எல்லாத் தொடர்பையும் துண்டித்தனர். வேலையாட்கள் விலகினர், கடைக்காரர்கள் பொருள் விற்க மறுத்தனர். தம் நிலையை விவரித்து அவர் எழுதிய கடிதம் அக்டோபர் 18 அன்று ‘டைம்ஸ்’ இதழில் வெளிவந்தது. நவம்பரில் படைவீரர் காவலுடன் வெளியூர் ஆட்கள் வந்து அவருடைய விளைச்சலை அறுவடை செய்தனர். செய்தியாளர்கள் அங்கே குவிந்தனர். அந்த நவம்பர் மாதத்திலேயே ‘டைம்ஸ்’ இதழில் அவர் பெயர் வேறோர் ஊரின் நிகழ்ச்சியைக் குறிக்கும் வினைச்சொல்லாக வருகிறது.

இச்சொல் உருவான விதம் பற்றி ஒரு நேர்முகக் குறிப்பும் உண்டு. அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத்து, இச்செயலைக் குறிக்க ஊர்மக்களுக்குப் புரியும் சொல்லொன்று இல்லையே எனக் கூற, அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி ‘பாய்காட்’ என்பதையே வினையாக்கலாம் என்றாராம். சொற்பிறப்புக் கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தில் புனையப்படுபவை என்பதால் இத்தகைய குறிப்புகளை எளிதில் நம்ப இயலாது. ஆனால் இக்கதைக்குச் செய்தித்தாள்களின் நாட்கள் அரணாக நிற்கின்றன. ஓர் இயற்பெயர் வினையாக மாறிய காலத்தை வாரக் கணக்கில் வரையறுக்க முடிவது, செய்தித்தாள் இல்லாத காலத்துச் சொல் எதற்கும் வாய்க்காத நிலை.

இதனினும் நுட்பமானது, புதுச்சொல் செய்தித்தாளில் நிற்கும் தோற்றம். தொடக்கத்தில் அது மேற்கோள்குறிக்குள் இருக்கும். அல்லது ‘என அழைக்கப்படும்’ என்னும் பொருளுடைய தொடர் அதனை ஒட்டி வரும். அடுத்த நிலையில் விளக்கம் உதிர்ந்து குறி மட்டும் எஞ்சும். பின்னர்க் குறியும் நீங்கும். ஆங்கிலத்தில் இயற்பெயருக்குரிய பெரிய எழுத்து சிறிய எழுத்தாகும். செய்பவரையும் செயலையும் குறிக்கும் பிற வடிவங்கள் கிளைக்கும். சொல் புதியது என்னும் உணர்வு எழுதுவோர் மனத்தில் எப்போது மறைந்தது என்பதை இந்நிலைகள் காட்டுகின்றன. முதற்பதிவின் ஆண்டைவிட இவ்வொழுங்கு சில வேளைகளில் மிகுந்த மொழியியற் பயன் தரும்.

ஓ.கே., ஜாஸ்: கதைகளைத் தீர்த்த தாள்கள்

உலக மொழிகள் பலவற்றில் பரவிவிட்ட ‘ஓ.கே.’ என்பதன் மூலம் குறித்து நூறாண்டுக்கும் மேலாகப் பல கருத்துகள் மோதின. அமெரிக்கப் பழங்குடி மொழியான சாக்டாவிலிருந்து வந்தது என்றனர் சிலர். கிரேக்கத் தொடரின் சுருக்கம் என்றனர் வேறு சிலர். 1840ஆம் ஆண்டுத் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனுக்கு வழங்கிய பட்டப்பெயரின் முதலெழுத்துகள் என்ற கருத்தும் வலுவாக நின்றது. ஆலன் வாக்கர் ரீடு என்னும் அறிஞர் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இச்சிக்கலைத் தீர்த்தன. அவர் கையாண்ட கருவி பழைய செய்தித்தாள்களே. பாஸ்டன் நகரின் ‘மார்னிங் போஸ்ட்’ 1839 மார்ச் 23 இதழில், ‘எல்லாம் சரி’ என்னும் பொருளுடைய தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளாக ‘ஓ.கே.’ வந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

அவர் அத்தனிச் சான்றோடு நிற்கவில்லை. அக்காலப் பாஸ்டன் இதழ்களில் தொடர்களைப் பிழையாக எழுதிச் சுருக்கும் நகைச்சுவை வழக்கு பரவியிருந்ததையும், அவ்வகைச் சுருக்கங்கள் வேறு பல இருந்து மறைந்ததையும் நிறுவினார். தேர்தல் இச்சுருக்கத்தைப் பிறப்பிக்கவில்லை. முன்பே இருந்ததை நிலைநிறுத்தியது. தனிச்சொல்லை விளக்கும் சான்றும் அச்சொல் பிறந்த சூழலை விளக்கும் சான்றும் ஒரே வகை ஆவணத்தில் கிடைத்தமையாலேயே இம்முடிவு உறுதிபெற்றது.

‘ஜாஸ்’ என்னும் இசைச்சொல்லின் வரலாறும் இத்தகையது. ஆப்பிரிக்க மொழி, பிரெஞ்சு மொழி, இசைக்கலைஞர் ஒருவரின் பெயர் எனப் பல மூலங்கள் கூறப்பட்டன. இச்சொல் இசைக்கு முன்னர் விளையாட்டில் வழங்கியது என்பதைச் செய்தித்தாள்களே வெளிப்படுத்தின. ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ 1912 ஏப்ரல் 2 இதழில், பேஸ்பால் வீரர் பென் ஹெண்டர்சன் தாம் எறியும் ஒருவகை வளைபந்துக்கு இப்பெயர் இட்டிருந்த செய்தி உள்ளது. 1913இல் சான் பிரான்சிஸ்கோ இதழின் விளையாட்டுப் பக்கங்களில் அது துடிப்பு, ஊக்கம் என்னும் பொருளில் வழங்குகிறது. 1915இல் சிகாகோ இதழில் இசையோடு சேர்கிறது. விளையாட்டுச் செய்தியை எவரும் நூலாகத் தொகுத்து வைப்பதில்லை. அன்றைய நாளிதழ் அழிந்திருந்தால் இச்சொல்லின் முதல் மூன்றாண்டு வாழ்க்கையும் அதனோடு அழிந்திருக்கும்.

சான்றின் வரம்புகள்

செய்தித்தாள் சான்றைப் போற்றுவோர் அதன் வரம்பையும் உணர வேண்டும். முதற்பதிவு வேறு, மூலம் வேறு. இதற்குப் ‘பிரிபோன்’ என்னும் சொல் தக்க சான்று. குறித்த நாளுக்கு முன்னதாக ஒரு நிகழ்ச்சியை மாற்றிவைத்தல் என்னும் பொருளில் இது இந்திய ஆங்கிலத்திற்கே உரிய ஆக்கம் எனக் கருதப்பட்டு வந்தது. ஆனால் 1913இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்று, ஒத்திவைத்தலைக் குறிக்கும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக இதனைப் படைக்க முன்மொழிகிறது. ஆக்ஸ்போர்டு அகராதி இப்பொருளுக்கு அக்கடிதத்தையே முதற்சான்றாகத் தருகிறது.

இதனால் இந்தியர் இச்சொல்லை நியூயார்க்கிலிருந்து பெற்றனர் எனக் கூறலாமா? அவ்வாறு கூற இடமில்லை. ஒத்திவைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டை மாற்றி எதிர்ச்சொல் ஆக்குவது எளிது. அதனை இருவேறு காலத்தில் இருவேறு நாட்டினர் தனித்தனியே செய்திருத்தல் இயல்பு. முதற்பதிவுக்கும் பரவலான வழக்குக்கும் இடையே தொடர்ச்சியான சான்றுகள் இருந்தாலன்றி மரபுவழி உறவை நிறுவ இயலாது. ‘ஓ.கே.’ சொல்லுக்கு அத்தொடர்ச்சி உண்டு. ‘பிரிபோன்’ சொல்லுக்கு அது காட்டப்படவில்லை. ஆகவே அகராதியில் அமரும் முதலாண்டு என்பது மேலும் தேடுதற்கு ஓர் எல்லைக்கல்லே ஆகும்.

எண்மமாக்கம் இத்தேடலை எளிதாக்கியுள்ளது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம், ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ஆகியவற்றின் செய்தித்தாள் திரட்டுகளும், 2011இல் தொடங்கிய பிரித்தானியச் செய்தித்தாள் காப்பகமும் பல கோடிச் சொற்களை நொடிப்பொழுதில் தேடத் தருகின்றன. பல சொற்களின் முதலாண்டு பின்னோக்கி நகர்ந்துவிட்டது. ஆயினும் இயந்திரம் எழுத்தை மயங்கி உணர்வதுண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சின் நீண்ட சகர வடிவத்தைப் ‘எஃப்’ எழுத்தாகப் படிப்பதால், இல்லாத சொற்கள் இருப்பனவாகத் தோன்றும். இதழ்த்தொகுதிக்குத் தவறான ஆண்டு இடப்பட்டிருக்கும். பக்கத்தின் படிமத்தைக் கண்ணால் காணாமல் தேடல் முடிவை மட்டும் நம்பி எழுதும் முதற்பதிவு சான்றாகாது.

மற்றொரு வரம்பு சமூகம் சார்ந்தது. செய்தித்தாள் யாருடைய பேச்சைப் பதிவு செய்கிறது என்பது எழுதுவோரையும் வாங்குவோரையும் பொறுத்தது. வயல், அடுக்களை, பட்டறை ஆகிய இடங்களில் பிறக்கும் சொற்கள் அதில் தாமதமாகவே ஏறும். சில ஏறாமலே போகும். எனவே முதற்பதிவு ஆண்டு, சொல்லின் வயதுக்குக் கீழ்வரம்பு என்றே கொள்ளத்தக்கது.

ஆண்டு பெற்ற மிளகுதண்ணீர்

தமிழோடு நேரடித் தொடர்புடைய சான்று ஒன்றை இங்குக் காணலாம். ‘மிளகுதண்ணீர்’ என்பது ஆங்கிலத்தில் ‘மல்லிகட்டானி’ எனத் திரிந்து வழங்குவதை அனைவரும் அறிவர். யூல், பர்னல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இச்சொல்லுக்கு முதற்சான்றாக 1784ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றைத் தருகிறது. பெங்களூரில் சிறைப்பட்டிருந்த கடற்படையினர் ஒருவர், தமக்குக் கிடைக்கும் உணவாக மிளகுதண்ணீரையும் கஞ்சியையும் அதில் குறிப்பிடுகிறார். இப்பாடல் கல்கத்தா கெசட் இதழ்களிலிருந்து செட்டன்கார் 1864இல் தொகுத்த தொகுதியின் வழியே அவ்வகராதியை அடைந்தது. அதாவது, இதற்குச் சான்று தந்ததும் ஒரு செய்தித்தாளே.

இதில் தமிழாய்வாளர் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் எந்த ஆண்டு பதிவாயிற்று என்பதை ஆங்கில அகராதி கூறுகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல் எந்த ஆண்டு பதிவாயிற்று என்பதைக் கூறும் தமிழ் அகராதி நம்மிடம் இல்லை.

தமிழ் அகராதிகளின் நிலை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அனுபந்தம் வந்தது. ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக அமைந்த அப்பெரும்பணியின் மேற்கோள்கள் பெரும்பாலும் இலக்கிய, இலக்கண, நிகண்டு நூல்களைச் சார்ந்தவை. பேச்சு வழக்கு, வட்டார வழக்கு என்னும் குறிப்புகளுடன் உலக வழக்குச் சொற்களையும் அது ஏற்றது. எனினும், சான்றுகளை ஆண்டு வரிசைப்படுத்தும் முறையை அது மேற்கொள்ளவில்லை. 1992இல் முதற்பதிப்பு கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ சமகால உரைநடையை அடிப்படையாகக் கொண்டு புதிய தடம் அமைத்தது. இன்றைய பொருளையும் பயன்பாட்டையும் காட்டுவதே அதன் நோக்கம். சொல்லின் காலவரிசையைக் காட்டுவது அதன் வேலைத்திட்டத்தில் இல்லை. இவ்விரு பணிகளுக்கும் இடையே கிடக்கிறது 19, 20ஆம் நூற்றாண்டுகளின் சொற்பரப்பு. ஆட்சி, அறிவியல், போக்குவரத்து, அரசியல் ஆகிய துறைகளின் சொற்கள் பெரிதும் உருவான காலம் அதுவே.

மீண்டும் ‘பாய்காட்’ சொல்லுக்கு வருவோம். 1905 ஜூலை 13 அன்று கல்கத்தாவின் ‘சஞ்சீவனி’ வார இதழ் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. ஆகஸ்ட் 7 அன்று நகர மண்டபக் கூட்டம் அதனைத் தீர்மானமாக்கியது. அயர்லாந்துக் கிராமத்தில் பிறந்த சொல் 25 ஆண்டுகளில் இந்திய அரசியலின் மையச் சொல்லாயிற்று. தமிழ் இதழ்கள் இக்கருத்தைத் தம் வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’ ஆங்கிலச் செய்திகளை அன்றாடம் மொழிபெயர்த்தது. 1904இல் அதில் சேர்ந்த பாரதியின் தொடக்ககாலப் பணியே அம்மொழிபெயர்ப்புதான். 1906இல் ‘இந்தியா’ வார இதழ் தோன்றியது. ‘பகிஷ்காரம்’ என்னும் வடசொல் விலக்கிவைத்தல் என்னும் பழம்பொருளிலிருந்து அரசியல் பொருளுக்கு நகர்ந்தது இச்சூழலில்தான்.

பின்னர்த் தமிழ்நாட்டில் ‘புறக்கணிப்பு’ அதன் இடத்தைப் பெற்றது. இலங்கைத் தமிழிதழ்களிலோ ‘பகிஷ்கரிப்பு’ இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. தமிழ்நாட்டு இதழ்கள் ‘வேலைநிறுத்தம்’ எனும் இடத்தில் அங்குப் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என எழுதுகின்றனர். இம்மாற்றம் எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த இதழ் முன்சென்றது, இரு சொற்களும் எத்தனை ஆண்டுகள் அருகருகே வழங்கின என்பவை தனித்தமிழ் இயக்க வரலாற்றுக்கும் இலங்கைத் தமிழ் வரலாற்றுக்கும் இன்றியமையாத வினாக்கள். ஊரும் நாளும் தாங்கிய செய்தித்தாளின்றி இவற்றுக்கு விடைகாண இயலாது.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2020 பிப்ரவரி 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் புதிய நோய்க்குக் ‘கோவிட்-19’ எனப் பெயரிட்டது. ஏப்ரல் மாதத்திலேயே ஆக்ஸ்போர்டு அகராதி அதனைச் சிறப்புப் பதிவாக ஏற்றது. அதே மாதங்களில் தமிழ் நாளிதழ்களில் ‘சமூக விலகல்’ என்னும் தொடர் வழங்கி, அதன் சாதியச் சாயல் சுட்டப்பட்டு, ‘சமூக இடைவெளி’க்கு இடம் விட்டது. கலகக் காலத் தடையைக் குறித்த ‘ஊரடங்கு’ நோய்த்தடுப்புக்கான முடக்கத்தையும் குறிக்கலாயிற்று. நம் கண்முன் நடந்த இம்மாற்றங்களுக்குக்கூட நாள் குறித்த அகராதிப் பதிவு இல்லை.

எதிர்வாதங்கள்

செய்தித்தாள் தமிழ் பிழை மலிந்தது. அதனை அகராதிச் சான்றாக்கினால் பிழைக்கு ஏற்பு வழங்கியதாகும் என்பது முதல் எதிர்வாதம். வரலாற்று அகராதியில் ஒரு சொல்லைப் பதிவு செய்வது அதற்குப் பரிந்துரை வழங்குவது ஆகாது. பிறப்பைப் பதியும் அலுவலர் குழந்தையின் குணத்தை ஆராய்வதில்லை. உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே ஆராய்ந்து எழுந்ததாகத் தொல்காப்பியத்தைப் பாயிரம் போற்றுகிறது. அம்மரபில் வந்தோர் செய்தித்தாள் வழக்கை விலக்குவதற்கு இலக்கண நியாயம் இல்லை.

ஆங்கில முறை தமிழுக்குப் பொருந்தாது என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஆகவே இயற்பெயர் பொதுச்சொல்லாவதை வரிவடிவம் காட்டாது. ஒரே கடன்சொல் பாய்காட், பாய்காட்டு, பாய்க்காட் எனப் பலவாறு எழுதப்படும். புணர்ச்சியும் வேற்றுமை உருபும் சொல்லின் உருவை மாற்றும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய னை, லை, றா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை இன்றைய எழுத்துணரிகள் தடுமாறியே படிக்கின்றன. இவை முறையைக் கைவிடுவதற்குக் காரணங்களாகா. முறையைத் தமிழுக்கேற்ப அமைப்பதற்குக் காரணங்கள். பெரிய எழுத்து காட்டாததைக் கிரந்த எழுத்தின் வரவும் நீக்கமும் காட்டும். ‘செய்’ என்னும் துணைவினையோடு மட்டும் வந்த கடன்சொல் தமிழ் விகுதிகளை நேரே ஏற்கத் தொடங்கும் நிலை, அது வேரூன்றியதைக் காட்டும். மேற்கோள்குறியும் ‘எனப்படும்’ என்னும் விளக்கமும் இரு மொழிக்கும் பொது.

செய்யத்தக்கன

முதலாவதாக, தமிழ்த்துறைகள் பொதுவான பதிவுச்சீட்டு ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். சொல், அது வந்த முழுத்தொடர், இதழ், ஊர், நாள், பக்கம் ஆகியவற்றோடு, தலையங்கமா, தந்திச் செய்தியா, விளம்பரமா, வாசகர் கடிதமா என்பதும் அதில் இடம்பெற வேண்டும். விளம்பரம் பண்டங்களின் பெயரையும், தந்திச் செய்தி அரசியற் சொற்களையும், கடிதம் சொல்லைப் பற்றிய விவாதத்தையும் முதலில் தருவதால் இப்பகுப்பு தேவையாகிறது. முதுகலை, முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதியை இம்முறையில் படித்தாலே பெருந்தரவு திரளும். மர்ரியின் தன்னார்வ வாசகர்கள் செய்ததும் இதுவே.

இரண்டாவதாக, தேடலைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் சுருக்குதல் கூடாது. யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கிய இதழ். ஆங்கிலச் சொல்லும் அதற்கீடாக அன்று எழுதப்பட்ட தமிழும் ஒரே இதழில் கிடைக்கும் வாய்ப்பு அதில் உண்டு. சிங்கப்பூரில் 1887இல் தோன்றிய ‘சிங்கை நேசன்’, 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகியன தனிச்சூழலின் சொற்களைக் காட்டுவன. சிங்கப்பூர் தேசிய நூலகமும் இலங்கையின் நூலகம் நிறுவனமும் இதழ்களை எண்மமாக்கி வருகின்றன; சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அரிய இதழ்களைப் பேணுகிறது. இவற்றை ஒரே தேடலில் இணைப்பது அறிவியல்தமிழ்த் துறையினரோடு கூடிச் செய்யத்தக்க பணி.

மூன்றாவதாக, முதற்பதிவு எனக் கோருவதற்கு விதிகள் வேண்டும். பக்கப் படிமத்தை நேரில் காணல், இதழின் நாளை முகப்புப் பக்கத்தோடு ஒப்பிடல், பிறழ்ந்த எழுத்தா எனச் சோதித்தல், அடுத்த சில ஆண்டுகளிலேனும் தொடர்ச்சான்று காட்டல் ஆகியன குறைந்த அளவு நிபந்தனைகள். ஆய்விதழ்கள் இவற்றை வலியுறுத்தினால், ஆதாரமற்ற ‘முதன்முதலில்’ என்னும் கூற்றுகள் குறையும்.

முடிவுரை

ஆங்கிலச் சொல்வரலாறு இன்று பெற்றுள்ள துல்லியத்திற்கு அம்மொழியின் தனித்தன்மை காரணமன்று. அவர்கள் செய்தித்தாளைக் காத்தனர், படித்தனர், சான்றாக ஏற்றனர். ஏற்பதற்கு முன் தங்களுக்குள் வாதிட்டும் தீர்த்தனர். தமிழில் முதல் இரண்டும் ஆங்காங்கே நடைபெறுகின்றன; மூன்றாவது நடைபெறவில்லை. மரக்கூழால் ஆன செய்தித்தாள் தன்னுள் உள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும் இயல்புடையது. ஓலையைப் போல நூற்றாண்டுகள் காத்திராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சான இதழ்களில் எஞ்சியவை எவையோ, அவற்றிலிருந்து எடுக்கக்கூடிய சொற்பதிவே நம் தற்காலத் தமிழின் வரலாறாக அமையும். ஆகவே, எதிர்வரும் தமிழ் வரலாற்று அகராதி எதுவாயினும், அதன் சான்றுநூற் பட்டியலில் நாளிதழுக்கு இடம் உண்டு என்னும் முடிவைத் தமிழ்த்துறைகள் இப்போதே எடுத்தல் வேண்டும்.